சீஸின் தோல்: விளைந்ததா, போர்த்தியதா?

முதன்முதலில் ஒரு கமாம்பேர் சீஸை அதன் வட்ட மரப்பெட்டியிலிருந்து எடுத்தபோது, மேலே இருந்த வெள்ளைப் படலத்தை ஏதோ காகிதம் என்று நினைத்துவிட்டேன். நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. வந்த இடத்திலும் அடியிலிருந்த சீஸையும் பிய்த்துக்கொண்டு வந்தது. கடைசியில் தட்டில் மிஞ்சியது பாதிதான். அது காகிதம் இல்லை, அந்தச் சீஸை உள்ளே பழுக்க வைத்ததே அந்தப் படலம்தான் என்று பிறகு தெரிந்தபோது மனசு கஷ்டப்பட்டது. இன்னொரு சமயம், உடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கௌடா சீஸின் பளபளப்பான மஞ்சள் உறையையும் சேர்த்து மென்று விழுங்கினார். அது பிளாஸ்டிக் பூச்சு. சாப்பிட வேண்டியதை நான் எறிந்தேன், எறிய வேண்டியதை அவர் சாப்பிட்டார். எங்கள் இருவருக்கும் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

புதிதாகச் சீஸ் வாங்கிப் பழகுகிற எல்லாருமே தோலைக் கண்டு ஒரு முறையாவது கத்தியைப் பிடித்தபடி தயங்கி நின்றிருப்பார்கள். சீஸின் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தால்தான் இது பிடிபடும் என்று இல்லை. பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பதற்கு முன்னால், "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சீஸின் வெளிப்புறம் இரண்டு வழியில்தான் வரும். ஒன்று, சீஸின் மேலேயே விளைந்த தோல். மற்றது, கையால் போர்த்திய உறை. விளைந்த தோல் என்பது பாலும் உப்பும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவர் அதைச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாக்குக்குப் பிடிக்கிறதா என்பது மட்டும்தான் மிச்சம். போர்த்திய உறை என்பது மெழுகு, பிளாஸ்டிக், துணி, மரப்பட்டை. அதை எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை.

தோல் எப்படி விளைகிறது? பாலை உறைய வைத்து, தண்ணீரை வடித்து, அச்சில் போட்டு, உப்புப் போட்ட பிறகு, சீஸைக் குளிர்ந்த, ஈரமான அறையில் வைப்பார்கள். வெளிப்பரப்பில் காற்று படுகிறது, ஈரம் குறைகிறது, அங்கே நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. சிலவற்றைச் சீஸ் செய்பவரே தூவுகிறார். சில அறையிலிருந்தும் பலகையிலிருந்தும் உப்பிலிருந்தும் தாமாக வந்து சேர்கின்றன. ரேச்சல் டட்டன், பெஞ்சமின் வுல்ஃப் ஆகிய நுண்ணுயிரியலாளர்களின் குழு 10 நாடுகளிலிருந்து 137 சீஸ்களின் தோலை எடுத்துச் சோதித்து 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அந்தத் தோல்களில் மிகுதியாக இருந்தவை 14 பாக்டீரியாப் பேரினங்களும் 10 பூஞ்சைப் பேரினங்களும் மட்டுமே. எந்த நுண்ணுயிர் எந்தச் சீஸில் இருக்கும் என்பதை நிர்ணயித்தது ஊர் அல்ல. தோலில் இருந்த ஈரம். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் செய்த சீஸ்களாக இருந்தாலும், ஒரே மாதிரி ஈரத்தில் பராமரித்தால் தோலில் வாழும் கூட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தோல் ஈரமாக இருக்கிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா, காய்ந்து இறுகியிருக்கிறதா என்று பார்த்தாலே அது எந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கண், விரல், அப்புறம் கத்தி

உறையைப் பிரித்ததும் சீஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதலில் நிறம். வெல்வெட் மாதிரி வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சைத் தோல். ஆரஞ்சோ செம்பழுப்போ, கூடவே ஒட்டுகிற ஈரமும் இருந்தால் அது கழுவிய தோல். சாம்பல், பழுப்பு என்று மரப்பட்டை மாதிரி சொரசொரப்பாக இருந்தால் தானாக விளைந்த தோல். வழவழவென்று, ஒரே சீரான நிறத்தில், பொம்மைக்கு வண்ணம் அடித்த மாதிரி சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். இயற்கையாக விளைந்த எதுவும் அவ்வளவு சீராக இருக்காது.

பிறகு ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறுங்கள். மெழுகு என்றால் நகத்தின் அடியில் சுருள் சுருளாக வரும். பிளாஸ்டிக் பூச்சு என்றால் மெல்லிய தாள் மாதிரி விளிம்பு தூக்கும், இழுத்தால் கிழியும். விளைந்த தோலோ சீஸோடு ஒட்டியே இருக்கும். தோல் எங்கே முடிகிறது, சீஸ் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. நறுக்கிய பக்கத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பழுத்த சீஸில் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை நிறம் படிப்படியாக மாறிக்கொண்டே போகும்.

அட்டையில் எழுதியிருப்பதையும் படியுங்கள். "மேல்தோல் உண்ணத் தக்கதல்ல" என்று போட்டிருந்தால் அதுதான் முடிவு. பொருள்பட்டியலில் நாட்டாமைசின் அல்லது இ 235 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சை வராமல் இருக்கச் சீஸின் மேற்பரப்பில் பூசும் பொருள் அது. ஐரோப்பிய விதிகளின்படி அது மேற்பரப்பில்தான் இருக்கலாம், 5 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கக் கூடாது. ஆகவே அப்படிப்பட்ட சீஸில் தோலோடு சேர்த்து அரை சென்டிமீட்டர் சீவிவிடுவது என் வழக்கம்.

மொஸரெல்லா, ஃபெட்டா, ரிக்கோட்டா மாதிரிப் புதுச் சீஸ்களுக்கும், பிளாஸ்டிக்கில் காற்றை உறிஞ்சி அடைத்து வரும் கட்டிச் செடாருக்கும் தோலே கிடையாது. தோல் விளையக் காற்றும் காலமும் வேண்டும். இவற்றுக்கு அது கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

வெள்ளைத் தோல்: பிரீ, கமாம்பேர்

புதியவர்கள் தொடங்க ஏற்ற இடம் இதுதான். இந்த வெள்ளை, பெனிசிலியம் கமம்பெர்ட்டி என்ற பூஞ்சை. பெரும்பாலும் கூடவே ஜியோட்ரிக்கம் என்ற இன்னொன்றும் இருக்கும். சீஸ் செய்பவர் இதைப் பாலிலேயே கலப்பார், அல்லது மேலே தெளிப்பார். இரண்டு வாரத்துக்குள் மேற்பரப்பு முழுவதும் பஞ்சு விரித்த மாதிரி வெளுத்துவிடும். பூஞ்சை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். விதைத்து வளர்த்த பயிர் இது, தானாக முளைத்த களை இல்லை.

இந்தத் தோல் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னும் முழுதாகப் பழுக்காத ஒரு பிரீயை நடுவே வெட்டிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக, உதிரும் பதத்தில் ஒரு பட்டை. தோலுக்கு அடியில், மேலும் கீழும், மஞ்சள் படிந்து பளபளக்கும் குழைவான பட்டை. பூஞ்சை மேற்பரப்பிலுள்ள லாக்டிக் அமிலத்தைத் தின்றுவிடுகிறது. அங்கே புளிப்புக் குறையக் குறைய, சீஸின் புரத வலை தளர்கிறது. தளர்ச்சி தோலிலிருந்து உள்ளே நகர்ந்து போகிறது. அதாவது பிரீ வெளியிலிருந்து உள்ளே பழுக்கிறது. நாம் ஆசையாக வழித்துச் சாப்பிடும் அந்தக் குழைவு, நாம் ஒதுக்கிவைக்கும் தோலின் கைவேலை.

அதனால்தான் இதைத் தோலோடு சாப்பிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். தோலில் காளான் வாசம் இருக்கும், மெல்லிய கடிபதம் இருக்கும். உள்ளே இருப்பதோ வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே வாயில் சேரும்போதுதான் அது முழுச் சீஸ். தோலை எடுத்துவிட்டால் உப்பும் கொழுப்பும்தான் மிஞ்சும்.

வெள்ளையில் ஆங்காங்கே பழுப்போ செம்மையோ படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது முற்றுவதன் அடையாளம். 20ஆம் நூற்றாண்டுக்கு முன்பு கமாம்பேரின் தோலே நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில்தான் இருந்தது. இன்று நாம் பார்க்கும் தூய வெள்ளை, வேண்டும் என்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரே ஒரு பூஞ்சை வகையால் வந்தது. அதையே திரும்பத் திரும்பப் பெருக்கியதில் அது இனப்பெருக்கத் திறனை இழந்து தளர்ந்துவருவதாக பிரான்சின் தேசிய ஆராய்ச்சி மையம் 2024இல் எச்சரித்தது. வருங்காலத்தில் கமாம்பேர் மீண்டும் கொஞ்சம் நிறம் மாறி வந்தாலும் வரலாம். வந்தால் வரவேற்போம் என்பது என் கட்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை, அம்மோனியா. உறையைப் பிரித்ததும் கண் எரியும் அளவுக்குக் கார நெடி வந்தால் சீஸ் மிகவும் முற்றிவிட்டது. லேசாக வந்தால் உறையைப் பிரித்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், பெரும்பாலும் பறந்துவிடும். பறக்காமல் நின்றால், தோல் காய்ந்து விளிம்பு பழுப்பேறி, கசக்கவும் செய்தால் தோலை விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சுத் தோல்: நாற்றத்துக்குப் பயந்து ஓட வேண்டாம்

எப்வாஸ், மன்ஸ்டர், லிம்பர்கர், தலேஜ்ஜோ எல்லாம் இந்த வகை. பழுக்க வைக்கும்போது சீஸை அடிக்கடி உப்புத்தண்ணீரால் துடைப்பார்கள், சில சமயம் மதுவாலும். பர்கண்டிப் பகுதியின் எப்வாஸுக்கு அந்தப் பகுதியிலேயே வடிக்கும் மார் என்ற மதுவைக் கலந்து துடைப்பது வழக்கம். இந்த உப்பும் ஈரமும் பூஞ்சைக்குப் பிடிக்காது, பாக்டீரியாவுக்குப் பிடிக்கும். பிரெவிபாக்டீரியம் லினென்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, தோலுக்கு அந்த ஆரஞ்சு நிறத்தையும், கந்தகம் கலந்த வீச்சத்தையும் கொடுக்கின்றன. இதன் நெருங்கிய உறவு நம் கால்விரல் இடுக்கிலும் வாழ்கிறது, அதனால்தான் மூக்கு உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. மலேரியாவைப் பரப்பும் ஒரு வகைக் கொசு, மனிதக் கால் வாடையைப் போலவே லிம்பர்கர் வாடைக்கும் ஈர்க்கப்படுவதாக 1996இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் மூக்குச் சொல்வது ஒன்று, நாக்குச் சொல்வது வேறு. வாடை தோலோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் சீஸ் எதிர்பார்ப்பதைவிட மிகவும் சாந்தமாக, இறைச்சிச் சாறு மாதிரி ஒரு ஆழத்தோடு இருக்கும். இந்தத் தோலைச் சாப்பிடலாம். நல்ல உப்பு இருக்கும். சில சமயம் மணல் மாதிரி நறநறக்கும். அது அழுக்கு அல்ல, தோலில் உருவாகும் தாது உப்புகளின் படிகம். முதல் முறை தோல் இல்லாமல் உள்பகுதியைச் சாப்பிடுங்கள். அடுத்த வாய் தோலோடு. பிடிக்கவில்லை என்றால் தோலை ஒதுக்கிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு தலேஜ்ஜோவின் தோல் பிடிக்கும், லிம்பர்கரின் தோலை இன்றுவரை முழுதாகத் தின்றதில்லை.

கோம்தே, க்ரூயேர் ஆகியவற்றின் தோலும் உப்புத்தண்ணீரால் துடைத்ததுதான். ஆனால் மாதக்கணக்கில் காய்ந்து மரம் மாதிரி ஆகியிருக்கும். விஷம் இல்லை, சுவையும் இல்லை. சீவிவிடலாம்.

சொரசொரத் தோல்

தோம் த சவ்வா, ஸ்டில்டன் போன்றவற்றின் தோல் பழைய சுவர் மாதிரி இருக்கும். எதையும் விதைக்காமல், அறையில் இருக்கும் பூஞ்சைகளே படிந்து, துடைத்துத் தடவித் திருப்பி வைத்து உருவானது. தின்றால் தீங்கில்லை. ஆனால் மண் வாடையும் நிலவறை ஈர வாடையும் தூக்கலாக இருக்கும். பல்லில் தூள் தூளாகப் படும். தோலுக்குச் சற்று உள்ளே வரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது பெரும்பாலோர் வழக்கம். நானும் அப்படித்தான்.

ஆரஞ்சுப் பந்து மாதிரி இருக்கும் மிமோலெத்தின் தோலைச் சாப்பிட வேண்டாம். அதைக் குடைந்து குடைந்து உருவாக்குவது, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிறு உண்ணிகள். அவை குடைந்த வழியில்தான் சீஸ் சுவாசித்துச் சுவை ஏறுகிறது. 2013இல் இந்த உண்ணிகளின் காரணமாகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் இறக்குமதியைத் தடுத்து நிறுத்தியது. கரடுமுரடான ஓட்டை வெட்டிப் போட்டுவிட்டு உள்ளிருப்பதை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

போர்த்திய உறைகள்

சிவப்பு மெழுகு போட்ட ஈடம், மஞ்சள் பூச்சு போட்ட கௌடா, சிறு உருண்டைகளாக வரும் பேபிபெல் எல்லாவற்றிலும் உறையை உரித்துவிடுங்கள். மெழுகில் ஒரு துணுக்கு தவறி வயிற்றுக்குள் போய்விட்டால் கலங்க வேண்டியதில்லை, உணவுக்கென்றே உள்ள மெழுகு அது, அப்படியே வெளியே போய்விடும். ஆனால் செரிக்காது, சுவையும் கிடையாது. குழந்தைகளிடம் கொடுக்கும் முன் உரித்துக் கொடுங்கள்.

துணி சுற்றிய செடாரில் துணியின் மேல் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் தடவியிருப்பார்கள். சிலர் வெண்ணெய் தடவுவார்கள். அசைவக் கொழுப்பைத் தவிர்ப்பவர்கள் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. துணியை உரித்தால் அடியில் பூஞ்சை படிந்த தோல் இருக்கும், அதையும் லேசாகச் சீவிவிடுங்கள்.

வாஷ்ரான் மோன் தோர் என்ற குழைவான சீஸைச் சுற்றி மரப்பட்டை ஒன்று இருக்கும். அதைத் தின்ன முடியாது. சீஸ் வழிந்து போகாமல் பிடித்திருக்கவும் மரவாசம் ஏறவும் போட்டது. மேலே உள்ள தோலை மூடி மாதிரித் தூக்கிவிட்டு, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார்கள். பனோன் என்ற ஆட்டுப்பால் சீஸைச் செஸ்ட்நட் இலையில் கட்டி நாரால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். இலையைப் பிரித்து ஒதுக்க வேண்டும்.

சாம்பல் மட்டும் விதிவிலக்கு. வலான்சே மாதிரி ஆட்டுப்பால் சீஸ்களில் மேலே கறுப்பும் சாம்பலுமாகப் பூசியிருப்பது மரக்கரித் தூள். புளிப்பைத் தணித்து, மேலே பூஞ்சை நன்றாகப் பிடிக்க அது உதவுகிறது. கையால் போர்த்தியதுதான் என்றாலும் சாப்பிடலாம். சுவை ஏதும் தெரியாது, விரல் மட்டும் கறுப்பாகும்.

இது நல்ல பூஞ்சையா, கெட்டதா?

அடுத்த தயக்கம் இதுதான். சீஸோடு பிறந்த பூஞ்சை, தோலில் ஒரே சீராக, முழுப் பரப்பிலும் இருக்கும். வீட்டில் வந்து சேர்ந்தது, திட்டுத் திட்டாக, பச்சையாகவோ கறுப்பாகவோ, பெரும்பாலும் நறுக்கிய முகத்தில் இருக்கும். கெட்டிச் சீஸ் என்றால் அந்தத் திட்டைச் சுற்றியும் ஆழத்திலும் 2.5 சென்டிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். வெட்டும்போது கத்தி பூஞ்சையில் படக் கூடாது. பட்டால் அதே கத்தியோடு அதுவும் உள்ளே போய்விடும். மென்மையான சீஸில் வேறு நிறப் பூஞ்சை வந்தால் முழுதாக எறிந்துவிடுங்கள். ஈரம் மிகுந்ததால் வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

நாள்பட்ட கெட்டிச் சீஸின் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை பூஞ்சையா என்று பலர் கேட்பார்கள். நகத்தால் தொட்டுப் பாருங்கள். கடினமாக, கற்கண்டுத் துணுக்கு மாதிரி இருந்தால் அது புரதம் உடைந்து உருவான படிகம். நன்றாக முதிர்ந்த சீஸ் என்பதற்கு அடையாளம்.

பெனிசிலின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் பெனிசிலியம் என்ற பெயரைப் பார்த்து மிரள்வதுண்டு. மருந்து எடுப்பது வேறொரு இனத்திலிருந்து. கமாம்பேரின் பூஞ்சையிலிருந்து இல்லை. ஆனால் பூஞ்சையே ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

யார் விலகி இருக்க வேண்டும்

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். கர்ப்பிணிகள், வயது முதிர்ந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் பிரீ, கமாம்பேர் போன்ற வெள்ளைத் தோல் சீஸ்களையும், கழுவிய தோல் கொண்ட மென்மையான சீஸ்களையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. தோலை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், சீஸையே தவிர்க்க வேண்டும். காரணம் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. இது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக் கூடியது. பூஞ்சை அமிலத்தைத் தின்று புளிப்பைப் போக்கிவிடுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளுக்குத் தடையாக இருந்தது. தடை போனதும், ஈரமான தோல் லிஸ்டீரியாவுக்கு வசதியான இடமாகிவிடுகிறது. பால் காய்ச்சியதாக இருந்தாலும், பிறகு அறையிலிருந்து தோலில் தொற்றிக்கொள்ள முடியும். சுவிட்சர்லாந்தில் 1983 முதல் 1987 வரை வாஷ்ரான் மோன் தோர் சீஸ் வழியாக லிஸ்டீரியா பரவி உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மென்மையான சீஸ்களின் தோலை இன்னும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கர்ப்பமாக இருப்பவருக்கு இந்தச் சீஸ் மேல் ஆசை வந்தால், நடுப்பகுதி உள்பட முழுதும் ஆவி பறக்கும் வரை சூடாக்கிக் கொடுக்கலாம். வெறுமனே உருகினால் போதாது. பார்மேசன் மாதிரிக் கெட்டிச் சீஸ்களில் ஈரம் குறைவு என்பதால் இந்த ஆபத்தும் மிகக் குறைவு.

வெட்டுவதும் சுவைப்பதும்

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சீஸை வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் தோல் ரப்பர் மாதிரி இருக்கும், வாசமும் எழாது.

வட்டச் சீஸை நடுவிலிருந்து விளிம்பு வரை, முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். பெரிய பிரீயிலிருந்து வெட்டி வந்த நீள முக்கோணத்தின் கூர்முனையை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்வது பிரெஞ்சு மேசையில் மரியாதைக் குறைவு. பிரீயின் மூக்கை வெட்டுவது என்றே அதைச் சொல்வார்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. முனை, சீஸின் நடுப்பகுதி. அங்கே தோல் மிகக் குறைவு. ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் கடைசியில் வருபவருக்குத் தோல்தான் மிஞ்சும். பக்கவாட்டில் நீளமாகச் சீவினால் எல்லாருக்கும் முனையும் கிடைக்கும், தோலும் கிடைக்கும். அதே காரணத்தால், பொதுத்தட்டில் இருக்கும் சீஸின் உள்பகுதியை மட்டும் குடைந்து எடுத்துவிட்டுத் தோலைக் கூடாக நிறுத்தி வைக்காதீர்கள். தோல் வேண்டாம் என்றால் உங்கள் தட்டில் வைத்து ஒதுக்குங்கள்.

சுவைக்கும்போது மூன்று கடி. முதல் கடி நடுப்பகுதியில். இரண்டாவது, தோலை ஒட்டிய பகுதியில். அங்கே சுவை கனத்திருப்பது தெரியும். மூன்றாவது தோலோடு. மூன்றாவது கடி இரண்டாவதைவிட நன்றாக இருந்தால் தோலோடு தொடருங்கள். கசந்தாலோ, மற்ற சுவைகளை அமுக்கினாலோ நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள சீஸிலும் ஒரு துண்டுக்கு இது சரியாக இருக்கும், அடுத்த துண்டுக்கு இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கடித்துப் பார்ப்பதுதான் முறை.

மிச்சத்தை மெழுகுக்காகிதத்தில் சுற்றி, மேலே தளர்வாக ஒரு பையில் போட்டு வையுங்கள். தோலில் இருப்பவை உயிருள்ளவை, இறுக்கமான பிளாஸ்டிக் சுற்றினால் மூச்சுத் திணறி வேர்த்து நாறும்.

பார்மேசன் ஓடு: குப்பைக்குப் போகக் கூடாதது

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சுமார் 40 கிலோ எடையுள்ள சக்கரமாக வரும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அதன் ஓட்டில் மெழுகும் இல்லை, பூச்சும் இல்லை. உப்புத்தண்ணீரில் ஊறி, காற்றில் காய்ந்து இறுகிய அதே சீஸ்தான். ஓட்டில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் தெரிவது அச்சுப் பட்டையால் அழுத்தியது, மை அல்ல. பல்லால் கடிக்க முடியாது என்பது மட்டும்தான் குறை. அதற்கு வழி இருக்கிறது.

துண்டைத் துருவித் துருவி ஓடு மட்டும் மிஞ்சும்போது, வெளிப்பக்கத்தைக் கத்தியின் முனையால் நன்றாகச் சுரண்டுங்கள். மாதக்கணக்கில் பலகையிலும் பல கைகளிலும் பட்ட பக்கம் அது. ஈரத்துணியால் துடைத்து, ஒரு பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் சேர்த்து வாருங்கள். பருப்போ காய்கறியோ போட்டுச் சூப் வைக்கும் நாளில், உள்ளங்கை அளவு ஓட்டைத் தொடக்கத்திலேயே தண்ணீரில் போடுங்கள். உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஓட்டில் போதுமான அளவு இருக்கிறது. மெல்லிய தீயில் முக்கால் மணி நேரம் கொதித்ததும் சாறு லேசாகக் கெட்டிப்பட்டு, மேலே பொன்னிறத்தில் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். அடிப்பிடிக்காமல் அவ்வப்போது கிளறுங்கள், உருகும் ஓடு பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இறக்கும்போது கரண்டியால் ஓட்டை எடுத்து, ஆறியதும் சிறு துண்டுகளாக நறுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தது, இப்போது மெல்லும்போது பல்லில் இழுக்கும். அந்தத் துண்டுகளைச் சூப்பிலேயே திரும்பப் போட்டுப் பரிமாறுங்கள்.